ஒரு நிறம், ஒரு பிரஷ், ஒரு கோப்பை: தானாக ஓவியம் கற்கத் தொடங்குகிற பெரியவர்களுக்கு

எனக்கு ஓவியத்தின் மேல் ஆசை வந்தது 42 வயதில். மகளின் பள்ளிப் பாட வேலைக்கு ஒரு வானம் தேவைப்பட்டது. அவள் பாதியில் தூங்கிவிட்டாள். மீதியை முடிக்கலாம் என்று தாளை நனைத்து, பிரஷ் முனையில் கொஞ்சம் நீலத்தை எடுத்து ஒரு ஓரத்தில் தொட்டு வைத்தேன். அந்த நீலம் தானாகவே கிளம்பி, ஈரம் இருந்த இடமெல்லாம் மெல்லப் பரவி, ஈரம் முடிந்த இடத்தில் நின்றது. நான் ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் அங்கே ஒரு வானம் இருந்தது. அன்றிரவு வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரமே 36 நிறங்கள் கொண்ட பெட்டி, ஒரு டஜன் பிரஷ், மெல்லிய தாள் கொண்ட பெரிய ஸ்கெச்புக் என்று வாங்கிவந்து, ஒரு மலைக்காட்சியை வரைய உட்கார்ந்தேன். தாள் சுருண்டது, நிறமெல்லாம் சேறானது, பத்து நாளில் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்து மறுபடியும் எடுத்தபோது ஒரே நிறம், ஒரே பிரஷ், நல்ல தாள், எதிரே ஒரு வெள்ளைக் கோப்பை, அவ்வளவுதான். அந்த இரண்டாவது தொடக்கம்தான் நிலைத்தது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

வயதைப் பற்றி

"இந்த வயதில் கை வருமா?" என்று கேட்காத ஆளே இல்லை. வரும். ஹென்றி ரூசோ பாரிஸில் சுங்கம் வசூலிக்கும் வேலையில் இருந்தவர். யாரிடமும் முறையாகப் படிக்காமல் வரைந்து, 1893-இல் 49 வயதில் வேலையை விட்டு முழுநேர ஓவியரானார். அமெரிக்காவின் அன்னா மேரி மோசஸ் பாட்டி, மூட்டுவலியால் ஊசி பிடித்து எம்பிராய்டரி போட முடியாமல் போனதால், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு பிரஷைக் கையில் எடுத்தார். 101 வயது வரை வாழ்ந்தார். தாகூரின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய கோடுகளை ஒன்றோடொன்று இணைத்து உருவங்களாக்கிக்கொண்டிருந்தவர், அறுபதைத் தாண்டிய பிறகு ஓவியத்தில் தீவிரமாக இறங்கினார். அவருடைய முதல் கண்காட்சி 1930-இல் பாரிஸில் நடந்தபோது அவருக்கு வயது 69.

நீங்கள் கண்காட்சி வைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரியவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. ஒரு பொருளை இருபது நிமிடம் அசையாமல் உற்றுப் பார்க்கப் பொறுமை இருக்கும். ஓவியத்தில் பாதி வேலை அதுதான்.

எந்த வண்ணம்

வாட்டர் கலர், அக்ரிலிக், கோவாஷ் (அடி தெரியாமல் மூடும் நீர்வண்ணம்), எண்ணெய் வண்ணம் என்று நான்கு பாதைகள் இருக்கின்றன. நான் வாட்டர் கலரைத்தான் சொல்வேன். அது கடினம் என்று பலரும் பயமுறுத்துவார்கள். தவறை மூடி மறைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் எடுத்து வைக்க இரண்டு நிமிடம் போதும், கழுவ இரண்டு நிமிடம் போதும், மேசையின் ஒரு மூலை போதும். வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. தட்டில் காய்ந்துபோன வண்ணத்தை மறுநாள் தண்ணீர் தொட்டால் திரும்பவும் பயன்படுத்தலாம். நிறமித் தூளைக் கருவேல இனத்துப் பிசினில் குழைத்துச் செய்வதுதான் வாட்டர் கலர். அந்தப் பிசின் எத்தனை முறை காய்ந்தாலும் மறுபடி நீரில் கரையும்.

அக்ரிலிக் நல்லது, மலிவானது, ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசித் திருத்தலாம். ஆனால் அது ஒருவகை பிளாஸ்டிக், காய்ந்தால் கரையாது. பிரஷைக் கழுவ ஒருநாள் மறந்தால் அந்த பிரஷ் போச்சு. எண்ணெய் வண்ணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதில் கரைப்பானின் நெடி உண்டு. ஆளி விதை எண்ணெயில் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டுவைத்தால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூட வாய்ப்பிருக்கிறது. தனியாகத் தொடங்குகிறவருக்கு இது முதல் படி ஆகாது.

என்ன வாங்குவது

பணத்தைத் தாளில் போடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சுமாரான வண்ணம் நல்ல தாளில் அழகாக நடந்துகொள்ளும். உயர்ந்த வண்ணம் மோசமான தாளில் அழுக்காகத்தான் தெரியும்.

சாதாரண நோட்டுத் தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். வாட்டர் கலருக்கு 300 ஜிஎஸ்எம் தாள் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஈரம் பட்டதும் தாள் அலை அலையாக எழும்பி, பள்ளத்தில் வண்ணம் தேங்கும். நான் முதலில் கைவிட்டதற்கு அந்தத் தாள்தான் காரணம், என் கை காரணமில்லை என்பது ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது. கடையில் "கோல்ட் பிரஸ்" என்று கேளுங்கள். லேசான சொரசொரப்பு இருக்கும். "ஹாட் பிரஸ்" வழவழப்பானது, வண்ணம் வழுக்கி ஓடும், ஆரம்பத்தில் வேண்டாம். முழுப் பருத்தித் தாள் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும்; மரக்கூழ்த் தாள் சீக்கிரம் காய்ந்து கோடு விழும். பருத்தித் தாள் விலை அதிகம் என்று தோன்றினால் ஒரு ஏ4 தாளை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுப் படம் முதல் மூன்று மாதத்துக்குத் தாராளம். சின்னத் தாளில் பயமும் சின்னதாகவே இருக்கும்.

பிரஷ் ஒன்று போதும்: உருண்டை வகை, 8-ஆம் எண், செயற்கை முடி. தண்ணீரில் நனைத்து உதறினால் முனை கூர்மையாகச் சேர வேண்டும். அதைத்தான் பார்த்து வாங்க வேண்டும். கூடவே வானம், சுவர் போன்ற பரப்புகளுக்கு ஒரு அங்குலத் தட்டை பிரஷ் இருந்தால் நல்லது.

வண்ணத்தில் நான்கு ட்யூப்: லெமன் எல்லோ, பெர்மனென்ட் ரோஸ், அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா பழுப்பு. முதல் மாதத்துக்கு மட்டும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு ஒன்று. ட்யூபின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். அல்ட்ராமரீன் என்றால் பிபி 29. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறினாலும் குறியீடு மாறாது, அதனால் அதைப் படித்துப் பழகுங்கள். ஒரே ஒரு குறியீடு உள்ள ட்யூப் கலப்பதற்கு நல்லது. ஏற்கெனவே மூன்று நிறமி சேர்ந்த ட்யூபோடு இன்னொன்றைக் கலந்தால் சேறுதான் வரும். அலிசரின் கிரிம்சன் என்ற அழகான சிவப்பில் பிஆர் 83 என்று இருந்தால் தவிர்த்துவிடுங்கள், வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

மற்றதெல்லாம் வீட்டில் இருக்கும். தண்ணீருக்கு இரண்டு டப்பா (ஒன்று கழுவ, ஒன்று சுத்தமான நீருக்கு), வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, பழைய பருத்தித் துணி, 2பி பென்சில், மாஸ்கிங் டேப். குடிக்கிற டம்ளரைத் தண்ணீர் டப்பாவாக வைக்காதீர்கள், பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள். சில நிறமிகளில் கேட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் உண்டு.

முதல் வாரம்: தண்ணீரோடு பழகுவது

இந்த வாரம் படம் எதுவும் வேண்டாம். தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒரு பலகையில் ஒட்டுங்கள். பர்ன்ட் அம்பரைத் தட்டில் பிதுக்கி, மூன்று இடங்களில் மூன்று பதத்தில் கரையுங்கள்: ஒன்று பால் சேர்க்காத தேநீர்போல, ஒன்று பால்போல, ஒன்று தேன்போல. தாளில் மூன்று கட்டம் போட்டு மூன்றையும் பூசுங்கள். வெளிறிய நிறம், நடு நிறம், அடர் நிறம் மூன்றும் ஒரே ட்யூபில் இருந்து வந்துவிட்டன. வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான். வெளுப்பாக்கத் தண்ணீரைக் கூட்ட வேண்டும், அடர்த்தியாக்கத் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

மறுநாள் அதே தாளைப் பாருங்கள். நேற்று பார்த்ததைவிட எல்லாம் வெளிறியிருக்கும். இந்த வண்ணம் காய்ந்தால் வெளுக்கும். அதனால் பூசும்போது "கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ" என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதால் பயனில்லை. பத்துக் கட்டம் பூசினால் கை தெரிந்துகொள்ளும்.

அப்புறம் வாஷ், அதாவது ஒரு பரப்பைத் திட்டில்லாமல் சீராக நிரப்பும் பூச்சு. பலகையை ஒரு புத்தகத்தின் மேல் சாய்த்து வையுங்கள். பால் பதத்தில் நிறைய வண்ணம் கலந்துகொண்டு, மேலே இடமிருந்து வலம் ஒரு பட்டை இழுங்கள். அதன் கீழ் விளிம்பில் ஒரு ஈர மணி சேர்ந்து நிற்கும். அடுத்த பட்டை அந்த மணியைத் தொட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் சேரும் மணியை, பிழிந்த பிரஷால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நடுவில் திரும்பிப் போய் மேலே தொடக்கூடாது. தொட்டால் அங்கே ஒரு கறை நிச்சயம். இதே முறையில் ஒவ்வொரு பட்டைக்கும் கொஞ்சம் தண்ணீர் கூட்டிக்கொண்டே போனால் அடர்த்தியில் தொடங்கி வெளுப்பில் முடியும் வானம் கிடைக்கும். அது கிடைக்கிற அன்று உங்களுக்கு ஒரு சந்தோஷம் வரும். எனக்கு ஆறாவது தாளில் வந்தது.

ஈரத்தின் மேல் ஈரம் என்பது நான் மகளின் தாளில் தற்செயலாகச் செய்தது. தாளை வெறும் தண்ணீரால் நனைத்து, பளபளப்பு கொஞ்சம் அடங்கியதும் நிறத்தைத் தொட்டு வைப்பது. பளபளப்பு இருக்கும்போது வைத்தால் எங்கும் ஓடும். அடங்கியபின் வைத்தால் மென்மையான விளிம்போடு நிற்கும். அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு தாள் முழுக்கச் செலவழியுங்கள்.

அடுத்த மூன்று வாரம்: வெள்ளைக் கோப்பை

இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமான பகுதி. கைப்பிடி உள்ள ஒரு வெள்ளைக் கோப்பையை மேசையில் வையுங்கள். ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் வெளிச்சம் விழ வேண்டும், ஒரு ஜன்னல் அல்லது ஒரு மேசை விளக்கு. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். பின்னால் ஏதாவது அடர்நிறத் துணி அல்லது புத்தகம் இருக்கட்டும்.

பென்சிலைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் பாருங்கள். கண்ணைப் பாதி மூடி, இமை வழியாகப் பாருங்கள். விவரங்கள் மறைந்து மூன்று திட்டுகள் மட்டும் தெரியும்: வெளிச்சமானது, நடுவானது, இருட்டானது. "வெள்ளைக் கோப்பை" என்று மூளை சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்காதீர்கள். வெளிச்சம் படாத பக்கம், பின்னால் உள்ள துணியின் வெளிச்சமான மடிப்பைவிட இருட்டாகக்கூட இருக்கும். கோப்பைக்குள்ளே நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். வெளியில் நிழலாக இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே, விளக்குப் பக்கத்து உள்சுவரில் விழும். முதல்முறை நான் அதை வரைந்து முடித்த பிறகுதான் கவனித்தேன். அத்தனை வருடம் தினமும் கையில் பிடித்த கோப்பை, அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று தோன்றியது. ஓவியத்தின் மேல் எனக்கு வந்த பிரியம் அந்த இடத்தில்தான் கெட்டிப்பட்டது.

சரி, வரையலாம். பென்சிலால் மிக லேசாக வெளிக்கோடு. கோப்பையின் வாய் ஒரு நீள்வட்டம். அதன் இரண்டு ஓரங்களும் கூர்மையாக முடியாது, இறுக்கமான வளைவாகத் திரும்பும். அடிப்பகுதியும் நேர்கோடு இல்லை, வாயைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைந்த கோடு. கோடு தவறினால் ரப்பரால் அழுத்தித் தேய்க்காதீர்கள், தாளின் மேல்பூச்சு உரிந்து அந்த இடம் மட்டும் வண்ணத்தைக் கூடுதலாகக் குடிக்கும்.

முதல் பூச்சு, தேநீர்ப் பதம். நல்ல வெளிச்சமான இடங்களைத் தாளாகவே விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் பூசுங்கள். கோப்பையின் நிழல் பக்கம், மேசையில் விழும் நிழல், பின்புறத் துணி எல்லாம் சேர்ந்து ஒரே திட்டாக இருக்கலாம். தனித்தனியாகப் பிரிக்க வேண்டாம். எழுந்து போய்விடுங்கள். காய்ந்ததா என்று விரல் நுனியால் தொடக்கூடாது. புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

காய்ந்தபின் இரண்டாவது பூச்சு, பால் பதம், நடுநிறமும் இருட்டும் உள்ள இடங்களில் மட்டும். மறுபடி காய விடுங்கள். மூன்றாவது, தேன் பதத்துக்குக் கொஞ்சம் இளக்கமாக, மிக இருட்டான இடங்களில் மட்டும்: கோப்பை மேசையைத் தொடும் மெல்லிய கோடு, கைப்பிடியின் உட்புறம், பின்புறத் துணி. கோப்பையின் வெளிச்சமான விளிம்புக்கு அருகில் துணியை இருட்டாக்கும்போது ஒரு அதிசயம் நடக்கும். நீங்கள் தொடாத வெள்ளைத் தாள் பளிச்சென்று கோப்பையாக முன்னே வரும்.

முடிந்ததும் செல்பேசியில் கோப்பையையும் படத்தையும் கறுப்பு-வெள்ளையில் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனேகமாக உங்கள் இருட்டு போதிய இருட்டாக இருக்காது. எல்லாருக்கும் அப்படித்தான். நாளை அதே கோப்பையை விளக்கை இடம்மாற்றி வரையுங்கள். மூன்று வாரத்தில் பத்துப் பன்னிரண்டு கோப்பையாவது ஆகட்டும். சலிக்குமே என்று நினைப்பீர்கள். ஐந்தாவதில் இருந்து சலிக்காது, ஏனென்றால் அப்போதுதான் கை கொஞ்சம் கேட்கத் தொடங்கும்.

நிறங்களைச் சேர்ப்பது

ஒரே நிறத்தில் ஒளியும் நிழலும் பிடிபட்ட பிறகு மற்ற நான்கு ட்யூபையும் திறங்கள். மஞ்சள், ரோஸ், நீலம் மூன்றையும் இரண்டிரண்டாகக் கலந்து ஒரு அட்டவணை செய்யுங்கள். எப்போதும் வெளிர்நிறத்தோடு அடர்நிறத்தைத் துளித்துளியாகச் சேருங்கள். மஞ்சளில் ஒரு துளி நீலம் போதும் பச்சையாக. நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கப் போனால் ட்யூபே காலியாகும்.

"சிவப்பும் நீலமும் சேர்த்தால் ஊதா என்றார்களே, எனக்கு ஏன் பழுப்பாக வருகிறது?" என்று கேட்பவர்கள் நிறைய. பெட்டியில் வரும் சிவப்பு பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. அதாவது அதற்குள் கொஞ்சம் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மஞ்சள் ஊதாவைக் கொன்றுவிடும். அதனால்தான் சிவப்புக்குப் பதில் ரோஸ் வாங்கச் சொன்னேன். அதே காரணத்தால், சிவப்புப் பக்கம் சாய்ந்த அல்ட்ராமரீனோடு மஞ்சளைக் கலந்தால் கிளிப்பச்சை வராது, அடங்கிய இலைப்பச்சை வரும். மரம் செடிகளுக்கு அதுவே பொருத்தமாக இருக்கிறது என்பது என் அனுபவம். பளிச்சென்ற பச்சைதான் வேண்டும் என்றால் பின்னால் தாலோ நீலம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்வதைத் தனியாக ஒரு மாலை முழுக்கச் செய்து பாருங்கள். நீலம் கூடினால் மழைமேகச் சாம்பல், பழுப்பு கூடினால் பழைய சுவரின் சாம்பல், இரண்டும் சமமாக அடர்த்தியாகச் சேர்ந்தால் ஏறக்குறையக் கறுப்பு. இதன்பிறகு கறுப்பு ட்யூபைத் தேட மாட்டீர்கள். குறைந்த நிறங்கள் குறைந்த படத்தைத் தரும் என்ற பயமும் வேண்டாம். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் சோர்ன் எண்ணெய் வண்ணத்தில் மஞ்சள் ஓக்கர், ஒரு சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்ற நான்கையே முக்கியமாக வைத்து வரைந்த முகங்களின் தோல் நிறத்தை இன்றும் ஓவியர்கள் பிரதியெடுத்துப் பயில்கிறார்கள்.

வழக்கமாகக் கெடும் இடங்கள்

பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர்த் துளி விழுந்தால் பூக்கோசு போல விளிம்போடு ஒரு கறை மலரும். அந்த நேரத்தில் துடைத்தால் இன்னும் மோசமாகும். முழுக்கக் காயவிட்டு, ஈர பிரஷால் விளிம்பை மெல்ல வருடி, துணியால் ஒற்றி எடுங்கள். நிறம் சேறானால், மூன்றுக்கு மேல் நிறம் கலந்திருப்பீர்கள் அல்லது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவியிருப்பீர்கள். தண்ணீரை மாற்றாமல் இருந்தாலும் அப்படி ஆகும்.

ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் ஒரு அசிங்கமான கட்டம் வரும். முதல் பூச்சு முடிந்து, இருட்டு இன்னும் விழாத நேரம். பெரும்பாலானவர்கள் தாளைக் கிழிப்பது அங்கேதான். கிழிக்காதீர்கள். மூன்றாவது பூச்சு வரைக்கும் போய்விட்டு முடிவு செய்யுங்கள்.

பிரஷைத் தண்ணீர் டப்பாவில் தலைகீழாக நிறுத்தி வைக்காதீர்கள், முனை வளைந்துவிடும். கழுவி, முனையை விரலால் கூராக்கி, படுக்க வைத்துக் காயவிடுங்கள்.

பார்த்து வரைவது தப்பில்லை

பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தால் அது திருட்டு என்று ஒரு கூச்சம் பலருக்கு உண்டு. கற்பதற்காகப் பிரதியெடுப்பது மிகப் பழைய வழக்கம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 1793-இல் திறந்த காலத்தில் இருந்தே ஓவியர்களை உள்ளே உட்கார்ந்து பிரதியெடுக்க அனுமதிக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் போன்றவை பழைய ஓவியங்களின் பெரிய படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளத் தருகின்றன. ஒரு ஓவியத்தின் சிறு பகுதியை எடுத்து, மூன்று அடர்த்தியில், ஒரே நிறத்தில் வரைந்து பாருங்கள். அந்த ஓவியர் எங்கே இருட்டை வைத்திருக்கிறார், எதை வரையாமல் விட்டிருக்கிறார் என்று தெரியும். படத்தின் பின்பக்கம் யாருடைய ஓவியத்தைப் பார்த்து வரைந்தது என்று எழுதிவைத்துவிடுங்கள், அதுதான் நேர்மை.

வீடியோ பாடங்களைப் பொறுத்தவரை ஒருவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் அவரோடு இருங்கள். பார்த்துக்கொண்டே இருப்பதும் வரைவதும் ஒன்று என்று மனம் ஏமாற்றும். ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டு மணி நேரமாவது கை நனைய வேண்டும்.

நேரமும் இடமும்

வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் என்பது எனக்குச் சரிப்படவில்லை. ஆறு நாளில் கை மறந்துவிடுகிறது. முடிந்தால் பொருட்களை எடுத்து வைக்காமல் ஒரு மூலையில் விரித்தபடியே விடுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டிய சோம்பலே பல மாலைகளைத் தின்றுவிடும்.

படத்தை முதல் மூன்று மாதம் யாரிடமும் கருத்துக் கேட்காமல் வைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன். "அருமை" என்றாலும் "இது என்ன?" என்றாலும் அடுத்த தாளில் அந்தக் குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, பயன்படுத்திய நிறம், கவனித்த ஒரே ஒரு விஷயம் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். ஐம்பது தாள் சேர்ந்ததும் தரையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள்.

என் முதல் கோப்பையின் பின்னால் "கைப்பிடி உடைந்தது போல் இருக்கிறது, ஆனால் உள்நிழல் சரி" என்று எழுதியிருக்கிறேன். இப்போதும் அதே கோப்பையைத்தான் புது நிறம் வாங்கும்போதெல்லாம் முதலில் வரைகிறேன்.